ஆறாம் ரீலில் பழுது இல்லை

சினிமா ஆபரேட்டர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று இளைய ஆபரேட்டர்கள் இருவர் இரும்புலியூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்துவிட்டார்கள்: ‘ரீல் காலம், பொற்காலம்’.

“பொற்காலமா? கார்பன் பொகைய முப்பது வருசம் இஸ்துப் பாரு தம்பி, அப்பால சொல்லு,” என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இப்போது படம் ஒரு சின்ன டப்பாவில் வருகிறது. ஏசி அறையில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் ஓடுகிறது. நல்ல விஷயம். சித்திரை வெயிலில் இரண்டு புரொஜெக்டருக்கு நடுவே பனியனோடு நின்று வெந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். போன காலத்தை நினைத்து ஒப்பாரி வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

கிளம்பும்போது அவர்களில் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “அண்ணா, மேனேஜர் பேச்ச மீறி எதுனா செஞ்சுட்டு, ஏண்டா செஞ்சோம்னு வருத்தப்பட்டிருக்கீங்களா?” அந்தக் கேள்வி உருப்படியான கேள்வி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொழில் கற்ற கதையை நீட்ட விரும்பவில்லை. பத்தாவது பாதியில் நின்றேன், சொந்தக்காரர் ஒருவர் தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் சேர்த்துவிட்டார், மூன்று வருஷம் ரீல் சுற்றினேன், பரீட்சை எழுதி ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினேன். அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த அந்தத் தியேட்டரின் பெயர் இங்கே வேண்டாம்.

மேனேஜர் தாமோதரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாது. டிக்கெட் கிழிப்பவரைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குப் பதிலாக அவருடைய பெல் பேசும். மேஜை ஓரத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தார். அதை அழுத்தினால் மாடியில் என் தலைக்கு மேல் பெல் அடிக்கும். ஒரு பெல் என்றால் படத்தைப் போடு. இரண்டு என்றால் திரையைப் பார், ஏதோ சரியில்லை. மூன்று என்றால் ஒரு ரீலைத் தாண்டு.

ஆமாம், தாண்டுவோம். அடுத்த காட்சிக்குக் கூட்டம் வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும், படம் நீளமாக இருக்கும், பத்து நிமிஷத்தைக் குறைத்தாக வேண்டும். எந்த ரீலைத் தாண்டுவது என்பது என் பொறுப்பு. சண்டை இருக்கிற ரீலில் கை வைத்தால் கூட்டம் சும்மா விடாது. அழுகை, அட்வைஸ், கல்யாணம் இதெல்லாம் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். கல்யாணமே நடக்காமல் கதாநாயகிக்கு வளைகாப்பு நடந்ததெல்லாம் எங்கள் தியேட்டரில்தான். அதற்காக நான் ஒரு நாளும் தூக்கம் இழந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சத்தம் நின்றால் உயிர் போகிற மாதிரி ஓடுவோம். அரை நிமிஷம் சத்தம் வராவிட்டால் தரை டிக்கெட் விசிலடிக்கும். ஒரு நிமிஷம் ஆனால் பிளேடால் சீட்டைக் கிழிப்பார்கள். அதனால் சத்தம் இல்லை என்றால் பழுது, உடனே மெஷினைத் திற என்று என் கைக்குப் பாடமாகிவிட்டது. மூளையைக் கேட்காமலே கை அதைச் செய்யும்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது என் மகள் ஜெயசீலிக்குப் பதினைந்து வயது. பத்தாவதில் கணக்கில் போய்விட்டாள். கூடப் படித்த பெண்கள் எல்லாம் பிளஸ் ஒன் சேர்ந்தார்கள். இவள் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினாள். பிறகு பேச்சையும் நிறுத்தினாள். எட்டு மாதம். கேட்டால் தலையாட்டுவாள், சாப்பிடுவாள், கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம். ஃபாதரைக் கூப்பிட்டு வந்து ஜெபம் செய்யச் சொன்னோம். என் மனைவி பிலோமினா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அவளுக்கு இதே பாட்டுதான். “இன்னா ஆச்சுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தானடி தெரியும்? எந்திரி. மொகத்தக் கழுவு. நாலு பேர் கிட்ட பேசு.” நானும் அதையே கொஞ்சம் அதட்டலாகச் சொல்வேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு ஃபிலிம் சொசைட்டி இருந்தது. காலேஜ் வாத்தியார்கள், பேங்க்காரர்கள், ரயில்வேக்காரர்கள் சேர்ந்து நடத்தினார்கள். எங்கிருந்தோ வெளிநாட்டுப் படப்பெட்டியை வரவழைத்து, எங்கள் தியேட்டரைக் காலையில் வாடகைக்கு எடுத்துப் போடுவார்கள். செயலாளர் செல்வராஜ் என்று ஒரு ஆங்கில வாத்தியார். படம் போடுவதற்கு முன்னால் மேடையேறிப் படத்தைவிட நீளமாகப் பேசுவார். ஞாயிறு ஒரு காட்சி. அன்று காலை சர்ச்சுக்குப் போகிற உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்ததால், மறுநாள் விடுமுறையாக இருந்தால் திங்கள் காலையும் அதே படம்.

அப்படி வந்ததுதான் அந்தப் பனிப்படம். அதன் பெயர் என் வாயில் நுழையவில்லை. எங்கேயோ மலைமேல் ஒரு கிராமம். பனி விழ ஆரம்பித்தால் மாதக்கணக்கில் ரோடு கிடையாது, பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அதில் ஒரு பதினைந்து வயதுப் பெண். அவளுடைய ஒரே சிநேகிதி பனிக்கு முன்னாலேயே டவுனுக்குப் போய்விடுகிறாள். தாயில்லாத வீடு. அப்பன்காரன் ரோட்டில் பனியை ஒதுக்கும் வண்டியை நாள் முழுக்க ஓட்டுகிறான். அந்தப் பெண் அவனோடு பேசுவதில்லை. தினம் போய் பஸ்ஸே வராத பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துகொள்கிறாள். இதுதான் கதை. மொத்தம் பதினோரு ரீல்.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா சர்ச்சுக்குக் கிளம்பினாள். ஜெயசீலி வரமாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். “தனியா வுட்டுட்டுப் போவாத. உன்கூட இட்டுனு போ,” என்றாள் பிலோமினா. கூட்டிக்கொண்டு போய் ஐந்தாவது வரிசையில் ஓரமாக உட்காரவைத்தேன்.

செல்வராஜ் சார் பேசி முடிக்கவே ஒன்பது இருபத்தைந்து ஆகிவிட்டது. பதினொன்றரைக்குப் புதுத் தமிழ்ப் படம். காலைக் காட்சிக்கு நான் ஒருவன்தான். இரண்டு மெஷினையும் நானே பார்க்க வேண்டும். ஒரு ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்ததும் அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டாவது புள்ளி வந்ததும் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். நடுவில், வெளிச்சத்துக்காக எரிகிற கார்பன் குச்சிகளை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் திரை மஞ்சளாகும். இந்த வேலையில் படம் பார்க்க நேரம் ஏது? ஆபரேட்டர் பார்ப்பது புள்ளியைத்தான்.

ஆறாவது ரீல் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என் அறை ஸ்பீக்கர் சுத்தமாக அடங்கியது. காற்றுச் சத்தம்கூட இல்லை. எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள், பனி விழுகிறது, சத்தமே இல்லை. என் கை போய் மெஷினை நிறுத்திவிட்டது. ஹாலில் விளக்கைப் போட்டேன். சவுண்ட் பகுதியைத் திறந்து உள்ளே இருக்கிற சின்ன பல்பை மாற்றினேன். அதற்கப்புறம்தான், முதலில் செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். பல்பு வெளிச்சத்துக்குக் குறுக்கே ஒரு அட்டையை ஆட்டினால் ஸ்பீக்கரில் ‘டப் டப்’ என்று கேட்க வேண்டும். கேட்டது. மெஷினில் ஒன்றுமே இல்லை.

செல்வராஜ் சார் இரும்புப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். “ஏன் நிறுத்தினீங்க? அந்த எடத்துல சத்தம் கிடையாதுங்க. படமே அப்படித்தான்!”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆறேழு நிமிஷம் போயிருந்தது. அப்போது பெல் அடித்தது. மூன்று.

தாண்டினேன். வேறென்ன செய்வேன்? பழகின கை. ஆறாவதில் மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு ஏழாவதைப் போட்டேன். தாண்டுவதற்கு இதைவிடத் தோதான ரீல் கிடைக்காது என்றுகூட நினைத்தேன். சண்டையா, பாட்டா, பேச்சா, ஒன்றுமே இல்லாத ரீல்.

படம் முடிந்ததும் தாமோதரன் சார் என்னைக் கீழே கூப்பிட்டார். செல்வராஜ் சார் கோபமாக நின்றிருந்தார். பெட்டியோடு ஒரு சீட்டு வரும். எந்த ரீல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆபரேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஊர் ஆபரேட்டர் அதைப் பார்த்துத்தான் ஓட்டுவார். மேனேஜர் அந்தச் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். “ஆறாவது ரீல்ல சவுண்ட் சரியில்லன்னு எழுதிடுங்க. அதனாலதான் நிறுத்த வேண்டியதாப் போச்சு. அப்படித்தானே?” என்றார், பேனா மூடியைக் கழற்றித் தந்துகொண்டே. ‘ஆறாம் ரீல்: ஒலிப் பழுது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செல்வராஜ் சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சோற்றில் கை வைத்தேன். கட்டில் பக்கமிருந்து குரல் வந்தது.

“நடுவுல என்ன ஆச்சுப்பா?”

பிலோமினா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் என் மகள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“எதுக்கு நடுவுலம்மா?”

“அந்தப் பொண்ணு பஸ் ஸ்டாப்ல தனியா உக்காந்திருந்தா. நீ நிறுத்திட்ட. அப்புறம் பாத்தா வீட்ல இருக்கா, அவங்கப்பாகூடப் பேசறா. அதுக்கு முன்னாடி பேசவே மாட்டா. எப்படிப் பேச ஆரம்பிச்சா?”

எனக்குத் தெரியாது. அந்த ரீலை நான் பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “படமே அவ்ளோதாம்மா,” என்றேன்.

“பொய்,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க மறுபடி வாய் திறக்கவில்லை. பிலோமினா என் தட்டைப் பார்த்துச் சொன்னாள். “அந்தப் படத்துல இன்னா கீதோ அத்த அவளுக்குக் காட்டு. நீ இன்னா பண்ணுவியோ எனக்குத் தெரியாது.” பெட்டி திங்கள் சாயங்கால ரயிலுக்குப் போய்விடும். இருப்பது ஒரே ஒரு காட்சி.

திங்கள் காலை ஜெயசீலியைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றாள்.

நான் மாடிக்கு ஏறும் முன்னால் தாமோதரன் சார் நிறுத்தினார். “இன்னிக்கு லீவு நாள். பெருங்களத்தூர்லேர்ந்தெல்லாம் கூட்டம் வரும். ஆறாவது ரீல் பெட்டியிலயே இருக்கட்டும். நீங்களே பழுதுன்னு எழுதிட்டீங்க, யாரும் கேக்கப் போறதில்ல.”

நான் படியேறினேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது ரீல் ஓடும்போது ஆறாவதை அடுத்த மெஷினில் மாட்டினேன். இரண்டாவது புள்ளி வந்தது. திறந்தேன். சத்தம் அடங்கியதும் கீழே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று பெல். கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. சத்தமில்லாத ரீல் ஆயிற்றே, பெல் ஹால் வரைக்கும் கேட்கிறது, இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்டூல் மேல் ஏறி பெல் ஒயரைப் பிடுங்கினேன். இறங்கிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

படியில் செருப்புச் சத்தம். கதவில் இரண்டு தட்டு. ஹால் அமைதியாக இருந்ததால் அவரும் கிசுகிசுத்தார், நானும் கிசுகிசுத்தேன்.

“கதவத் திறங்க.”

“ஷோ ஓடுது சார்.”

“அதான் பிரச்சினையே. மூணு பெல் அடிச்சேன். கேக்கலையா?”

“கேட்டுது சார். அப்பால ஒயரப் புடுங்கிட்டேன்.”

கதவில் மறுபடி ஒரு தட்டு.

“ரீல் பழுதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

“அது பொய்க் கையெழுத்து சார். இன்னிக்கி மாத்திடறேன்.”

“நான் மேனேஜர் சொல்றேன். திறங்க.”

“கதவுல ஒரு போர்டு கீது பாருங்க சார். நீங்க ஒட்டினதுதான்.”

‘காட்சி நடக்கும்போது ஆபரேட்டர் தவிர எவரும் உள்ளே வரக்கூடாது’ என்று எழுதி, கீழே அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய போர்டு அது. அவர் போகவில்லை. கதவுக்கு வெளியேயே நின்றார். நான் கார்பனைச் சரிசெய்துவிட்டு, என் வேலைக் காலத்தில் முதல் தடவையாக, புள்ளியைத் தேடாமல் படத்தைப் பார்த்தேன்.

அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையில், தோளில் பனி ஏறுகிறது. அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து தூரத்தில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வருகிறது. பனி ஒதுக்கும் வண்டி. அவளுடைய அப்பன். வண்டியை நிறுத்தி இறங்கி வருகிறான். எனக்குத் தெரியும், இப்போது கையைப் பிடித்து இழுப்பான், கத்துவான், நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. பெஞ்சில் இருந்த பனியைத் தட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேர் மேலும் பனி விழுகிறது. அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் அவள் எழுந்து வண்டியை நோக்கி நடக்கிறாள். அவனும் பின்னால் போகிறான். ரீல் முடிந்தது.

முதல் புள்ளியைத் தவறவிட்டேன். ஒரு நொடி திரை வெள்ளையாக நின்றது. யாரும் விசிலடிக்கவில்லை.

தமிழ்ப் படம் ஒன்பது நிமிஷம் தாமதமாகத் தொடங்கியது. உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. தாமோதரன் சார் தன் அறையில் எனக்கு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார். “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இத்தோட மறந்துடலாம்,” என்றார். நியாயமாகச் சொன்னால் அது பெரிய மனசு. என் வேலையைக் காப்பாற்றத்தான் பார்த்தார். நான் தாளை விட்டுவிட்டுப் பெட்டிச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். ‘ஒலிப் பழுது’ என்பதை அடித்தேன். ‘ஆறாம் ரீலில் பழுது இல்லை. அதில் சத்தம் கிடையாது. நிறுத்தாமல் முழுதாக ஓட்டவும்’ என்று எழுதி, கையெழுத்துக்குக் கீழே லைசென்ஸ் எண்ணையும் போட்டேன்.

அன்றோடு வேலை போயிற்று. நாலு மாதம் பிலோமினாவின் சம்பளத்தில் சாப்பிட்டோம். அப்புறம் கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு தியேட்டரில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனேன். அங்கேயும் ரீல் தாண்டச் சொன்னார்கள். கல்யாண ரீலைத் தாண்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஒரு ரீலையும் தாண்டியதில்லை.

ஜெயசீலி ஒரே நாளில் மாறிவிட்டாள் என்று எழுதினால் அது சினிமா. அக்டோபரில் கணக்கு மறுபடி போயிற்று. மார்ச்சில் பாஸ் செய்தாள். நடுவில் பேசாத நாட்கள் எத்தனையோ இருந்தன. அந்த நாட்களில் நாங்கள் டாக்டரையும் ஃபாதரையும் கூப்பிடவில்லை. எந்திரி என்று சொல்லவில்லை. சத்தம் வராத பிள்ளையைப் பழுது என்று நினைத்து எட்டு மாதம் திருகித் திருகிப் பார்த்த தகப்பன் நான். அந்தத் தப்பை மறுபடி செய்யவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது படியடியில் ஜெயசீலி நின்றிருந்தாள். இரும்புலியூர் நடந்தே போகிற தூரம்தான். ஆனால் எனக்கு எங்கேயாவது உட்கார வேண்டும்போல் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் ஊதினார், நான் அசையவில்லை. வேலை போனதை அவளிடம் சொல்லவில்லை. படம் எப்படி என்று கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாலாவது பஸ்ஸுக்கு அவளே எழுந்தாள். ஏறுவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“நேத்தே காட்டியிருக்கலாம் இல்லப்பா?”

தம்பி, நீங்கள் கேட்டீர்களே. மேனேஜர் பேச்சை மீறியதற்கு எனக்கு வருத்தம் இல்லை, ஒரு நாளும் இருந்ததில்லை. முந்தின நாள் மூன்று பெல்லுக்குப் பணிந்தேனே, அதற்குத்தான் இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.